டிராகனை வயிற்றிலிருந்து படையுங்கள்: கற்பனை உலக டிராகனின் உடலியலும் வாழ்க்கைச் சுழற்சியும் – முழுமையான வழிகாட்டி

கற்பனை உலகம் ஒன்றைக் கட்ட உட்காருகிறவர்களில் பலர் டிராகனின் நெருப்பைத்தான் முதலில் யோசிக்கிறார்கள். அடுத்து சிறகு, அதற்கடுத்து செதிலின் நிறம். கதை பாதி வழி வந்த பிறகு கேள்விகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். இந்த விலங்கு தினமும் எதைத் தின்கிறது? ஒரு நாட்டில் எத்தனை டிராகன்கள் பிழைக்க முடியும்? குஞ்சுகள் எங்கே வளர்கின்றன? இவற்றுக்கு விடையில்லாத டிராகன் கதைக்கு வேண்டும்போது வந்து, வேண்டாதபோது காணாமல் போகும். வாசகர் மனத்தில் அது ஒரு விலங்காகத் தங்காது.

வயிற்றிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் வழி. பறப்பது, தீ உமிழ்வது, முட்டையிடுவது, வளர்வது எல்லாவற்றுக்கும் ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றல் தின்ற இரையிலிருந்துதான் வர முடியும். அந்தக் கணக்கை முதலில் போட்டுவிட்டால் மற்ற முடிவுகளில் பாதி தாமாகவே வந்து சேர்ந்துவிடும்.

இந்த வழிகாட்டியில் ஓர் இனத்தை அடியிலிருந்து உருவாக்கிக் காட்டுகிறேன். அதற்குச் ‘சாம்பல்மலை டிராகன்’ என்று பெயர் வைப்போம். ஒரு பழைய எரிமலைத் தொடரும் அதன் அடிவாரப் புல்வெளியும் அதன் வாழிடம். டிராகன் கற்பனை, அதற்கு உறுப்புகளையும் பழக்கங்களையும் கடன் கொடுக்கும் விலங்குகள் எல்லாம் நிஜம்.

படி 1: எடையை முடிவு செய்யுங்கள்

நீளத்தை முடிவு செய்யாதீர்கள், எடையை முடிவு செய்யுங்கள். ஒரு விலங்கை அதே வடிவத்தில் இரண்டு மடங்கு நீளமாக்கினால் அதன் சிறகுப் பரப்பு 4 மடங்காகும். எடையோ 8 மடங்காகும். இந்தக் கணக்கை கலிலியோ 1638-இல் வெளிவந்த தன் நூலிலேயே எலும்புகளை வைத்து விளக்கியிருக்கிறார். பெரிதாகப் பெரிதாகச் சிறகு உடம்பைத் தாங்க முடியாமல் பின்தங்கிக்கொண்டே போகும்.

எல்லை எங்கே இருக்கிறது? இன்று பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவை 20 கிலோவைச் சுற்றியே நின்றுவிடுகின்றன. ஆனால் டெக்சாஸின் பிக் பெண்ட் பகுதியில் 1971-இல் எலும்பு கிடைத்த குவெட்சால்கோவாட்லஸ் என்ற பறக்கும் ஊர்வனவுக்குச் சிறகு விரிப்பு 10 முதல் 11 மீட்டர். எடை 200 முதல் 250 கிலோ இருந்திருக்கும் என்பது பலரும் ஏற்கும் மதிப்பீடு. ஒட்டகச்சிவிங்கி உயரத்துக்கு நின்ற ஒரு விலங்கு உண்மையிலேயே பறந்திருக்கிறது. ஆகவே நம் பூமியைப் போன்ற உலகில் பறக்கும் டிராகனுக்கு 250 கிலோ என்பது நியாயமான உச்சவரம்பு.

இதைவிடப் பெரிதாக வேண்டுமென்றால் உலகத்தை மாற்றுங்கள். சனிக் கோளின் துணைக்கோளான டைட்டனில் காற்று நம் காற்றைவிடச் சுமார் 4 மடங்கு அடர்த்தி. ஈர்ப்போ பூமியின் ஏழில் ஒரு பங்குதான். அப்படிப்பட்ட இடத்தில் மனிதரே கைகளில் இறக்கை கட்டிக்கொண்டு பறக்கலாம். மந்திரத்தால் பறக்க வைப்பதிலும் தவறில்லை. ஆனால் அந்த மந்திரம் விலங்கிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்பதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

சாம்பல்மலை டிராகனுக்கு நான் இரண்டு எடைகள் வைக்கிறேன். ஆண் 250 கிலோ, சாகும்வரை பறக்கும். பெண் இளமையில் பறக்கும்; வளர்ந்து 2,000 கிலோ, அதாவது ஒரு பெரிய காண்டாமிருகத்தின் எடை ஆனபின் தரையோடு தங்கிவிடும். ஏன் இந்த வேறுபாடு என்பது படி 5-இல் தெளிவாகும்.

படி 2: சாப்பாட்டுக் கணக்கு

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். கைப்பேசியிலுள்ள கணிப்பான் போதும்.

மாக்ஸ் கிளைபர் 1932-இல் வெளியிட்ட விதி இன்றும் நல்ல தொடக்கப் புள்ளி. கிலோவில் எடையை எடுத்து, 0.75 அடுக்குக்கு உயர்த்தி, 70-ஆல் பெருக்குங்கள். வெப்ப இரத்த விலங்கு ஒன்று சும்மா படுத்திருக்கவே ஒரு நாளுக்கு எத்தனை கிலோகலோரி வேண்டும் என்பது கிடைக்கும். 250 கிலோ ஆணுக்கு அது ஏறக்குறைய 4,400. வேட்டையாடிப் பறந்து திரிவதற்கு அதை மூன்று மடங்காக்கினால் 13,200. ஒரு கிலோ இறைச்சியில் 1,500 கிலோகலோரி என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 9 கிலோ. ஆண்டுக்குச் சுமார் 3,300 கிலோ.

இந்த எண் நம்பத்தக்கதா என்று புலியை வைத்துச் சரிபார்க்கலாம். ஒரு புலி ஆண்டுக்கு மான் அளவுள்ள 50 விலங்குகளைக் கொல்கிறது என்பது கர்நாடகக் காடுகளில் உல்லாஸ் கரந்த் பல்லாண்டுகள் செய்த ஆராய்ச்சி தரும் கணக்கு. அதுவும் ஏறக்குறைய 3,000 கிலோ அளவில்தான் வந்து நிற்கிறது. பெரிய ஆண் புலியின் எடையும் நம் ஆண் டிராகனின் எடையை நெருங்குவதால் கணக்கு பொருந்துகிறது.

இப்போது பெண். 2,000 கிலோ எடைக்கு இதே கணக்கைப் போட்டால் நாளுக்கு 42 கிலோ இறைச்சி, ஆண்டுக்கு 15 டன். குளிர் இரத்த விலங்கென்றால் இதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போதும்: நாளுக்கு 4 கிலோ. முதலை மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் பிழைப்பது இதனால்தான். உடம்பு பெரிதாக இருந்தால் வெப்பம் மெல்லத்தான் வெளியேறும் என்பதும் உதவிக்கு வருகிறது. தோல்முதுகு ஆமை என்ற பெரிய கடலாமை தன்னைச் சுற்றியுள்ள கடல்நீரைவிட 18 டிகிரி வரை கூடுதல் வெப்பத்தைக் காத்துக்கொள்ளும். ஆகவே வெதுவெதுப்பான எரிமலைக் குகையில், அதிகம் அசையாமல், குறைவாகத் தின்று வாழும் பெண் டிராகன் உடலியலுக்கு ஒத்துவரும்.

ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து நாளுக்கு 13 கிலோ. ஆண்டுக்கு 4,700 கிலோவுக்கு மேல். ஒரு மானில் தின்னக்கூடிய பகுதி 35 கிலோ என்றால் ஆண்டுக்கு 135 மான்கள். கரந்தின் ஆராய்ச்சி இன்னொன்றும் சொல்கிறது: ஒரு புலி ஆண்டுதோறும் 50 விலங்குகளைத் தின்று நிலைத்திருக்க அந்தக் காட்டில் 500 விலங்குகளாவது இருக்க வேண்டும். பத்தில் ஒன்று என்ற அதே விகிதத்தை இங்கே வைத்தால் ஒரு டிராகன் இணைக்கு 1,350 மான்கள் மேயும் புல்வெளி வேண்டும்.

வானத்தை மறைக்கும் டிராகன் கூட்டம் என்று எழுதும் முன் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். 20 இணைகளுக்கு 27,000 மான்கள். உங்கள் வரைபடத்தில் அத்தனை புல்வெளி இருக்கிறதா?

படி 3: உடம்பைக் கட்டுங்கள்

கால்கள் எத்தனை என்பது முதல் கேள்வி. நிலத்தில் வாழும் முதுகெலும்பிகள் எல்லாமே நான்கு கால் மூதாதையிலிருந்து வந்தவை. பறவையானாலும் வௌவாலானாலும் முன்கால்தான் சிறகானது. நான்கு கால்களோடு இரண்டு சிறகுகளும் வேண்டுமென்றால் உங்கள் உலகின் மான், குதிரை, மனிதர் ஆகியோரிடமிருந்து டிராகன் பரம்பரை வெகு முன்பே பிரிந்திருக்க வேண்டும். ஆறு கை கால் கொண்ட மற்ற விலங்குகளும் அங்கே இருக்க வேண்டும். ஆறு கால் தவளை, ஆறு கால் பல்லி என்று ஒரு முழு விலங்குலகத்தைப் படைக்கத் தயாரென்றால் அது அருமையான வாய்ப்பு. நான் எளிய வழியில் போகிறேன்: இரண்டு பின்கால்கள், இரண்டு சிறகுக் கைகள்.

தரையிலிருந்து எழும்புவது பறப்பதைவிடக் கடினம். பறவைகள் பின்கால்களால் குதித்தெழும். குவெட்சால்கோவாட்லஸ் போன்றவை நான்கு கால்களையும் ஊன்றி, வலிமை மிகுந்த முன்கைகளால் தரையை உதைத்து எழும்பியிருக்க வேண்டும் என்று மைக்கேல் ஹபீப் போன்ற ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். சாம்பல்மலை டிராகனும் சிறகுகளை மடக்கி ஊன்றி நடக்கும், அப்படியே உந்தி எழும். பெண் பறப்பதை நிறுத்திய பிறகு அதே கைகள் தடித்த முன்கால்களாகிவிடும்.

எலும்புகளுக்குள் காற்றறைகள், நுரையீரலோடு இணைந்த காற்றுப்பைகள், காற்று ஒரே திசையில் ஓடும் மூச்சுமுறை ஆகிய மூன்றையும் பறவைகளிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். சிறகுத் தோல் கிழிந்தால் என்ன ஆகும் என்று யோசிப்பவர்களுக்கு வௌவால் நல்ல சேதி சொல்கிறது: அதன் சிறகுச் சவ்வில் விழும் ஓட்டைகள் சில வாரங்களில் ஆறிவிடும். சிறகு எலும்பு முறிந்தால்தான் ஆபத்து.

டிராகன் மீது சவாரி பற்றி ஒரு வார்த்தை. 250 கிலோ விலங்கு தன் எடையோடு 60 கிலோ மனிதரையும் சுமந்து தரையிலிருந்து எழும்புவது மிகக் கடினம். மலை விளிம்பிலிருந்து காற்றில் இறங்குவது முடியும். உங்கள் சவாரிக்காரர்கள் எல்லாரும் மலைமுகடுகளில் வாழ்பவர்களாக இருக்கட்டும்.

படி 4: நெருப்பு

பீரங்கி வண்டு எனப்படும் சின்னஞ்சிறு பூச்சி தன் வயிற்றில் இரண்டு வேதிப்பொருட்களைத் தனி அறையில் வைத்திருக்கிறது: ஹைட்ரோகுவினோன், ஹைட்ரஜன் பெராக்சைடு. ஆபத்து வந்ததும் அவற்றை நொதிகள் உள்ள இன்னொரு அறைக்குள் தள்ளும். கலவை 100 டிகிரி வெப்பத்தில் பீறிட்டு வெளியேறும். ஒரு விநாடிக்குச் சுமார் 500 துடிப்புகளாக வெடித்து வருவதால் வண்டின் உடம்பு வெந்துபோவதில்லை. கொதிக்கும் திரவம் போதுமென்றால் இந்த முறையே உங்களுக்குப் போதும்.

எரியும் சுடர் வேண்டுமென்றால் எரிபொருளும் பொறியும் வேண்டும். எரிபொருளுக்கு மீத்தேன் வாயுவைச் சொல்பவர்கள் உண்டு. அழுத்தி அடைக்காமல் வாயுவைச் சேமிக்கப் பெரிய பை வேண்டும் என்பதால் எனக்கு அது பிடிக்கவில்லை. ஃபுல்மர் என்ற வடகடல் பறவையைப் பாருங்கள். அது தின்ற இரையின் கொழுப்பை வயிற்றில் எண்ணெயாகச் சேர்த்துவைக்கும். அதன் குஞ்சு, கூட்டை நெருங்குபவர் மீது அந்த எண்ணெயைப் பீய்ச்சியடிக்கும். ஸ்காட்லாந்தின் செயின்ட் கில்டா தீவு மக்கள் அந்த எண்ணெயை ஊற்றி விளக்கெரித்தார்கள். எரியக்கூடிய எண்ணெயைக் குறிபார்த்து உமிழும் விலங்கு ஏற்கெனவே இருக்கிறது. பொறி ஒன்றுதான் குறை.

பொறிக்கு நான் இந்தியப் பெருங்கடலின் ஆழத்துக்குப் போவேன். அங்கே வெந்நீர் ஊற்றுகளின் ஓரத்தில் வாழும் ஒரு நத்தை இரும்பு சல்பைடு தாதுக்களைத் தன் பாதச் செதில்களில் படியவைத்துக்கொள்கிறது. 2001-இல் கண்டுபிடிக்கப்பட்ட அந்த நத்தையின் செதில்களில் பைரைட்டும் உண்டு. பைரைட்டைச் சிக்கிமுக்கிக் கல்லோடு உரசித் தீ மூட்டுவது கற்கால மனிதர் அறிந்த வித்தை. கொமோடோ டிராகன் என்ற நிஜ ராட்சதப் பல்லியின் பற்களின் நுனியில் இரும்புப் பூச்சு இருப்பதும் 2024-இல் வெளியானது. ஆகவே சாம்பல்மலை டிராகனின் மேல்தாடையில் பைரைட் பட்டை. கீழ்த்தாடையில், அது தேடிப் பொறுக்கி அடக்கிவைத்திருக்கும் சிக்கிமுக்கிக் கல். முதலை கற்களை விழுங்குவதுபோல இதுவும் கல் தேடும்.

இனி அருகில் நின்று பாருங்கள். டிராகன் வாயைப் பாதி மூடுகிறது. தாடை பக்கவாட்டில் ஒருமுறை நகர்கிறது. ‘டக்’ என்று ஓர் ஓசை. கந்தக வாடை மூக்கில் ஏறுகிறது. தொண்டையின் அடியில் ஒரு மடல் மூடிக்கொள்கிறது. முதலை நீருக்கடியில் வாய் திறக்கும்போது மூடுமே, அதே மடல். பிறகு நாக்கின் அடியிலிருந்து எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறி வருகிறது. சுடர் பற்களுக்கு ஒரு முழம் முன்னால்தான் பிறக்கிறது. அதனால் டிராகன் தன் வாயைச் சுட்டுக்கொள்வதில்லை. அந்த ஓசைக்கும் சுடருக்கும் இடையிலுள்ள நொடியில் விழுந்து புரளத் தெரிந்த மேய்ப்பன் உயிர் பிழைப்பான்.

இந்த எண்ணெய்க்கு விலை உண்டு. ஒரு கிலோ கொழுப்பில் 9,000 கிலோகலோரி. அரை லிட்டரை ஒருமுறை உமிழ்ந்தால் 4,000 கிலோகலோரி போயிற்று. ஆண் டிராகன் நாள் முழுக்கப் படுத்திருக்கச் செலவாகும் ஆற்றல் கிட்டத்தட்ட அதுதான். எனவே அது சும்மா உமிழாது. பட்டினிக் காலத்தில் அதனிடம் நெருப்பே இருக்காது. டிராகனை முற்றுகையிட நினைக்கும் படைத்தளபதி மான்களைத்தான் முதலில் விரட்டுவார்.

அப்படியானால் எதற்காக உமிழும்? வடக்கு ஆஸ்திரேலியாவில் கரும்பருந்துகள் காட்டுத்தீயிலிருந்து எரியும் குச்சிகளைத் தூக்கிக்கொண்டுபோய் எரியாத புல்லில் போட்டு, பதறி ஓடும் இரையைப் பிடிப்பதை அங்குள்ள பழங்குடி மக்கள் நெடுங்காலமாக அறிவார்கள். சாம்பல்மலை டிராகனும் கோடையின் இறுதியில் காய்ந்த புல்லுக்கு ஒரே ஒரு தீ வைத்துவிட்டு, புகைக்கு மறுபக்கம் போய்க் காத்திருக்கும். அரை லிட்டர் எண்ணெய்க்கு ஒரு மந்தை. ஆண்டாண்டாக எரிந்த அந்தப் புல்வெளியில் தீப்பட்டால்தான் விதை வெடிக்கும் செடிகள் பெருகும். ஆஸ்திரேலியாவின் பாங்சியா மரங்களில் பல அந்த வகை. டிராகன் இல்லாமல் போனால் அங்கே முள்காடு ஏறி, மான்கள் குறையும்.

படி 5: இணையும் குகையும்

மேற்குத் தொடர்ச்சி மலைக்காரர்களுக்கு இருவாச்சியைத் தெரியும். பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை எச்சத்தாலும் மண்ணாலும் அடைத்துவிடும். அலகு நுழையும் அளவு ஒரு பிளவுதான் மிஞ்சும். உள்ளே தன் பறக்கும் இறகுகளை உதிர்த்துவிடும். மாதக்கணக்கில் ஆண் பழங்களைத் தொண்டையில் சேர்த்துக்கொண்டு வந்து அந்தப் பிளவு வழியே ஊட்டும். ஆண் செத்தால் உள்ளே இருப்பவர்களின் கதி என்ன என்று நினைக்கவே மனம் கனக்கும்.

சாம்பல்மலை டிராகனின் குடும்பத்தை இதன்மேல்தான் கட்டினேன். இளம்பெண் 15 வயது வாக்கில் ஒரு வெதுவெதுப்பான குகையைத் தேர்ந்தெடுத்து, சாம்பலும் எச்சமும் குழைத்து வாசலை அடைக்கும். அதன்பின் வளர்ச்சி எல்லாம் எடைக்கே போகும், பறப்பது முடிந்தது. ஆண் தன் இரைப்பையில் 28 கிலோ இறைச்சியை அடக்கிக்கொண்டு வாரம் ஒருமுறை வந்து வாசலில் கக்கும். நாளுக்கு 4 கிலோ என்ற படி 2-இன் கணக்கு இங்கே சரியாக உட்கார்கிறது பாருங்கள். பெண் வெப்ப இரத்தமாக இருந்திருந்தால் வாரத்துக்கு 294 கிலோ. எந்த ஆணாலும் முடியாது.

இந்த ஒரு முடிவிலிருந்து கதை எவ்வளவு வருகிறது என்பதுதான் எனக்கு இதில் மிகப் பிடித்தது. ஊர் மாடுகளைத் தூக்கும் டிராகனை வீரன் ஒருவன் கொன்றுவிட்டு மாலை வாங்குகிறான். அது ஒரு தகப்பன். இரண்டு மூன்று மாதங்கள் கழித்து, வாசலை உடைத்துக்கொண்டு 2,000 கிலோ எடையுள்ள, பறக்கத் தெரியாத, பசித்த ஒரு தாய் மலையிலிருந்து நடந்து இறங்குகிறாள்.

படி 6: முட்டை

மனித உயர முட்டையை விட்டுவிடுங்கள். முட்டை பெரிதாகப் பெரிதாக ஓடு தடிக்க வேண்டும். ஓடு தடித்தால் உள்ளே இருக்கும் கருவுக்குக் காற்று போகாது. பல டன் எடையுள்ள டைட்டனோசர்களின் முட்டைகள் மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் கிடைத்தன. 92 கூடுகளில் 256 முட்டைகள் என்று 2023-இல் அறிவித்தார்கள். ஒவ்வொன்றும் 15 முதல் 17 சென்டிமீட்டர் விட்டம்தான். சாம்பல்மலை டிராகனின் முட்டையை ஒரு கிலோவில் நிறுத்தினேன். ஓர் ஈட்டுக்கு 25 முட்டைகள். பத்து ஆண்டுக்கு ஓர் ஈடு.

எரிமலைச் சூட்டில் அடைகாப்பது வெறும் கற்பனையில்லை. கலாபகஸின் ஃபெர்னாண்டினா தீவில் நில இகுவானாப் பெண்கள் கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயர எரிமலையில் ஏறி, சில அதன் வாய்க்குள்ளேயே இறங்கி, வெதுவெதுப்பான சாம்பலில் முட்டையிடுகின்றன. ஆனால் எரிகுழம்புக்குள் முட்டையைப் போட்டால் அவிந்துவிடும். முதலை முட்டைகளே 35 டிகிரியைத் தாண்டினால் பெருமளவு சாகும். 30 முதல் 33 டிகிரி வரையுள்ள மணல்தான் வேண்டும்.

வெப்பநிலை இன்னொன்றையும் தீர்மானிக்கும். முதலைகளுக்குப் பால் குரோமோசோம் கிடையாது. குஞ்சு ஆணா பெண்ணா என்பது அடைகாத்த வெப்பத்தில் முடிவாகும். சென்னை–மாமல்லபுரம் சாலையில் 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணையின் சதுப்புநில முதலைகளில் இதை ஆராய்ந்தார்கள். 31 டிகிரிக்கும் அதற்குக் கீழும் பெண்கள், 32.5 டிகிரியில் ஆண்கள். ஒன்றரை டிகிரி வித்தியாசம்தான்.

இதை அப்படியே சாம்பல்மலைக்குக் கொண்டுபோங்கள். பல நூற்றாண்டு தூங்கிய எரிமலை மெல்லச் சூடேறுகிறது. மணல் 31-லிருந்து 32.5 ஆகிறது. முப்பது ஆண்டுகளில் வானத்தில் முன்னெப்போதும் காணாத அளவு டிராகன்கள். எல்லாம் இணையில்லாத ஆண்கள். டிராகன்கள் பெருகிவிட்டன, வேட்டையாடுங்கள் என்று அரசவை முழங்கும். உண்மையில் அந்த இனம் அழிந்துகொண்டிருக்கும். அதை அறிந்தவர் முட்டைக் குழிகளில் கைவைத்துச் சூடு பார்த்த ஒருவர் மட்டுமே.

இதற்கு மாற்றாக கொமோடோ வழி உண்டு. இங்கிலாந்து விலங்குக் காட்சிசாலைகளில் ஆண் துணையின்றிக் கொமோடோப் பெண்கள் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்ததை 2006-இல் உறுதிசெய்தார்கள். அவற்றின் குரோமோசோம் அமைப்பால் அப்படிப் பிறப்பவை எல்லாம் ஆண்களே. தனியாக ஒரு தீவில் ஒதுங்கிய பெண், தனக்குப் பிறந்த ஆண்களோடு இணைந்து ஓர் இனத்தையே தொடங்கலாம். வெப்பம், குரோமோசோம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதிலேயே நில்லுங்கள்.

படி 7: குஞ்சும் வளர்ச்சியும்

பொரிப்பதற்கு முன்பே முட்டைக்குள்ளிருந்து முதலைக் குஞ்சுகள் கத்தும். அதைக் கேட்டுத்தான் தாய் குழியைத் தோண்டும். டிராகன் தாயும் அப்படியே தோண்டி, வாசற்சுவரில் ஒரு சிறு துளை போட்டு, குஞ்சுகளை வெளியே விடும். ஒவ்வொன்றும் 700 கிராம். அந்த நாளோடு தாயின் பொறுப்பு முடிந்தது.

குஞ்சு தாயின் சிறிய உருவம் என்று எண்ணாதீர்கள். அது வேறு தொழில் செய்யும் விலங்கு. கொமோடோக் குஞ்சுகள் முதல் சில ஆண்டுகள் மரத்திலேயே வாழும், பெரியவை தின்றுவிடும் என்பதால். நம் குஞ்சும் அடிவாரக் காட்டில் மரமேறி, பூச்சியும் பல்லியும் தின்னும். மேற்குத் தொடர்ச்சி மலையின் பறக்கும் ஓணான் நீண்ட விலாவெலும்புகளில் விரிந்த தோலால் மரத்துக்கு மரம் மிதப்பதுபோல, இதுவும் முதலில் மிதக்கத்தான் கற்கும். 10 கிலோ தாண்டியபின் சிறகடிக்கும். நெருப்பு அதற்குப் பின்புதான். எண்ணெய் சேர்க்கும் அளவுக்குத் தின்ன வேண்டுமே.

வளரும் வேகத்துக்கு ஒரு அளவுகோல்: டைரனோசாரஸ் பதின்வயதில் நாளுக்குச் சுமார் 2 கிலோ கூடியதென்று அதன் எலும்பு வளையங்களை எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். மரத்தைப் போல எலும்பிலும் ஆண்டு வளையம் விழும். பஞ்ச ஆண்டில் வளையம் ஒடுங்கும். உங்கள் உலகின் எலும்பு வணிகர் குறுக்குவெட்டைப் பார்த்தே டிராகனின் வயதையும் அந்நாட்டின் வறட்சிகளையும் படித்துவிடுவார்.

தோலுரிப்பதை மறக்க வேண்டாம். பாம்பு சட்டை உரிக்கும் முன் கண் பால்போல நீலம் பூத்து மங்கிவிடும். அந்த நாட்களில் அது மறைந்தே கிடக்கும். டிராகனுக்கும் ஆண்டில் சில நாட்கள் பார்வை மங்கட்டும்.

படி 8: எண்ணிக்கையும் சாவும்

பெண் 30 வயதில் முதல் ஈடு, 140 வயதுவரை பத்தாண்டுக்கு ஒன்று. 12 ஈடுகள், 300 முட்டைகள். இனம் பெருகாமலும் குறையாமலும் இருக்க அவற்றில் இரண்டே இரண்டு பெரியதாகி இனப்பெருக்கம் செய்தால் போதும். 298 சாக வேண்டும். எங்கே, எதனால் என்று எழுதுங்கள்: கீரியும் உடும்பும் தின்ற முட்டைகள், மழையில் குளிர்ந்த குழிகள், கழுகு தூக்கிய குஞ்சுகள், முதல் தரையிறக்கத்தில் கை முறிந்த இளசுகள். பல்லாயிரம் ஆண்டுகள் வாழும் டிராகன் வேண்டுமென்றால் முட்டைகளைக் குறைத்துக்கொண்டே போங்கள். இரண்டும் கூடினால் உலகம் டிராகனால் நிரம்பிவிடும்.

மூப்பில் யானை சாவது பெரும்பாலும் பல்லால். ஆறாவது தொகுதிக் கடைவாய்ப்பல் தேய்ந்தபின் மெல்ல முடியாது. முதலைக்குப் பல் முளைத்துக்கொண்டே இருக்கும். டிராகனுக்கும் பல் பிரச்சினையில்லை. ஆண் சிறகு முறிந்து சாகும். பெண் குகையிலேயே சாகும். அந்த உடம்பிலிருந்து எண்ணெய், எலும்பு, பைரைட் பட்டை எல்லாம் சந்தைக்கு வரும்.

படி 9: ஓராண்டு நாட்காட்டி

கடைசியாக, எல்லாவற்றையும் மாதங்களில் அடுக்குங்கள். உலகில் கோடை, மழை, பனி என நான்கு மாதக் காலங்கள் மூன்று என்று வைத்துக்கொள்வோம்.

கோடைக் கடைசியில் புல் காய்ந்திருக்கும். ஆண்கள் தீ வைத்து வேட்டையாடும் காலம். ஊர்கள் தங்கள் எல்லையில் புல்லை முன்கூட்டியே எரித்துத் தடம் போட்டுவைக்கும்.

மழைக் காலம் ஆணுக்குக் கடினமான காலம். புல் நனைந்து தீ பிடிக்காது. மான்கள் பச்சை தேடிச் சிதறிவிடும். அதே வேளையில் முட்டை உருவாகும் பெண்ணுக்குக் கூடுதல் தீனி வேண்டும். மாடு தூக்குவது இப்போதுதான். மழை தொடங்கியதும் முந்தைய ஈட்டின் குஞ்சுகளும் பொரித்து வெளியே வரும், பூச்சி நிறைந்த காட்டுக்குள்.

பனிக்காலத் தொடக்கத்தில் முட்டையிடும். எட்டு மாதம் அடைகாத்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். இந்தக் காலத்தில் மான்கள் ஓடைகளைச் சுற்றித் திரும்பவும் கூடும். ஆணுக்கு இரை எளிது, ஊர்ப்பக்கம் வராது.

இதை எழுதி முடித்தபிறகு வரைபடத்தில் ஊர்களைக் குறியுங்கள். கால்நடை வளர்ப்பவர்கள் மழைக்காலத் தொழுவத்தைக் கல்லால் கட்டுவார்கள். அடிவாரத்தில் கூரைக்கு ஓலை வேயமாட்டார்கள். முட்டை திருடும் கதாபாத்திரம் இருந்தால் அவனைப் பனிக்காலத்தில் அனுப்புங்கள். ஆண் வந்து இறைச்சி கக்கிவிட்டுப் போன மறுநாள் அவன் மலையேறினால் ஆறு நாள் கிடைக்கும். சுவருக்கு உள்ளே இருக்கும் தாயை என்ன செய்வது என்பதை அவன்தான் முடிவு செய்ய வேண்டும்.